துணியை வெட்டும் முன் அளவெடுப்பது: ஊர்த் திட்டத்தில் இளையோர் பங்கேற்பு

எங்கள் ஊரில் ‘இளையோர் பங்கேற்பு’ என்றால் அது ஒரு டீ சட்டை. முன்பக்கம் நிகழ்ச்சியின் பெயர், முதுகில் ஆதரவாளர்களின் சின்னங்கள். நம் அளவைக் கேட்டால் ‘டபுள் எக்ஸ் எல்’ மட்டும்தான் மீதி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு சுவருக்குச் சாயம் அடிக்க வேண்டும், இல்லையென்றால் திடலில் குப்பை பொறுக்க வேண்டும். பத்து மணிக்குப் பிரமுகர் வருவார். படம் எடுப்பார்கள். பொட்டலத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு கிடைக்கும். என் அலமாரியில் இப்படி நான்கு சட்டைகள் கிடக்கின்றன.

அந்தச் சுவர் அங்கே இருக்கத்தான் வேண்டுமா, அந்தத் திடலுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் வீட்டுப் பிளான் வரையும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அடுப்படியை நீட்டுவது, காருக்குக் கூரை போடுவது போன்ற பிளான்களை ஊராட்சி மன்றத்தின் கவுண்டருக்குக் கொண்டுபோய், திருத்தம் வாங்கி, மறுபடியும் கொண்டுபோவது என் பிழைப்பு. சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஒரு காலத்தில் பால்மரமும் இப்போது செம்பனையும் சூழ்ந்த ஊர் இது. இரண்டு வரிசைக் கடைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, ஊர் ஓரத்தில் தாமான் என்னும் புதிய வீடமைப்பு, இன்னும் உள்ளே போனால் மிச்சமிருக்கும் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு பக்கம் பிளான், மறுபக்கம் அந்தப் பிளானுக்குள் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். இரண்டையும் பார்ப்பதால், இந்தச் சொல் எவ்வளவு தாறுமாறாகப் புழங்குகிறது என்பது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இந்த விளக்கம்.

தீபாவளிச் சட்டையும் தையல்காரரும்

தீபாவளிக்குத் துணி தைக்கக் கொடுக்கிறோம். தையல்காரர் முதலில் என்ன செய்கிறார்? நாடாவை எடுத்து அளவெடுக்கிறார். கை முழுதா அரையா, பை ஒன்றா இரண்டா என்று கேட்கிறார். பிறகுதான் கத்தரிக்கோல்.

இன்னொரு தையல்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் துணியை வெட்டி, தைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டு நம்மைக் கூப்பிடுகிறார். “பொத்தான் என்ன கலர் வேணும்னு சொல்லு தம்பி, உன் விருப்பம்தான்” என்கிறார். நாமும் நீலம் என்கிறோம். நம்மைக் கேட்டது உண்மை. நாம் சொன்னபடி நீலப் பொத்தான் வைத்ததும் உண்மை. ஆனால் சட்டை நமக்குப் பத்தாது.

சுவர்ச் சித்திரத்துக்கு என்ன வரையலாம் என்று மாணவர்களைக் கேட்பது பெரும்பாலும் இந்தப் பொத்தான் கேள்விதான். சுவர் எழும்பிவிட்டது, இடம் முடிவாகிவிட்டது, பணம் செலவாகிவிட்டது. மிச்சமிருப்பது நிறம்.

திட்டமிடல் என்ற சொல்லை இங்கே ஒருமுறை தெளிவாக்கிவிடலாம். ஒரு நிலத்தில் எது வரலாம், எங்கே வரலாம், எப்போது, யார் பணத்தில் என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் திட்டமிடல். வடிவமைப்பு அதற்குப் பின் வருவது. வாசல் எந்தப் பக்கம், விளக்கு எத்தனை, உட்கார இடம் நிழலிலா வெயிலிலா என்பதெல்லாம் அதில் சேரும். பங்கேற்பு என்பது, இந்த முடிவுகளில் ஏதாவது ஒன்று இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும்போது உள்ளே வருவது. முடிவு மூடிய பிறகு வருவதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு: விருந்தாளி.

இதுவரை சொன்னது ஒன்றுதான். யாரை அழைத்தார்கள் என்பதைவிட எப்போது அழைத்தார்கள் என்பதுதான் பங்கேற்பின் முதல் அளவுகோல்.

எட்டுப் படி ஏணி

இந்த ‘எப்போது, எவ்வளவு’ என்பதை அளக்க ஒரு பழைய கருவி இருக்கிறது. 1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி, குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். அரசாங்கம் ‘மக்களைக் கலந்தாலோசித்தோம்’ என்று சொல்லும் பல இடங்களில் மக்கள் கையில் எந்த அதிகாரமும் இல்லை என்பது அவருடைய மனக்குறை. 1992-இல் ரோஜர் ஹார்ட் என்பவர், யுனிசெஃப் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அதே ஏணியைச் சிறுவர்களுக்கும் இளையோருக்கும் பொருத்திக் காட்டினார்.

எட்டுப் படியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கீழே மூன்றும் மேலே ஒன்றும் தெரிந்தால் போதும்.

கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே இல்லை என்கிறார் ஹார்ட். முதலாவது, பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குப் பிள்ளைகளை ஆட்டிவைப்பது. இரண்டாவது அலங்காரம், அதாவது என் அலமாரியிலுள்ள நான்கு சட்டைகள். மூன்றாவது ஒப்புக்குக் கேட்பது. மேடையில் ஒரு மாணவியை உட்கார வைத்து, “இளையோர் சார்பாக இரண்டு நிமிடம்” என்று ஒலிவாங்கியைக் கொடுப்பார்கள். அவளை யார் தேர்ந்தெடுத்தார்கள், யாருடைய கருத்தை அவள் சொல்கிறாள், சொன்னது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

மேல் படியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். உச்சிப்படி என்பது பிள்ளைகளே எல்லாவற்றையும் தனியாகச் செய்வது என்று நினைப்போம். அது ஏழாவது படி. எட்டாவது, பிள்ளைகள் தொடங்கிவைத்து, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். ஆனால் எங்கள் ஊரை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். நிலம் பெரியவர்கள் பெயரில் இருக்கிறது, பணம் மன்றத்தில் இருக்கிறது, கையெழுத்து பொறியாளருடையது. பிள்ளைகள் தனியாக எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டாலும் அந்த மூன்றும் சேராவிட்டால் அது காகிதம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலையும் எட்டாவது படிக்கு ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. உடைந்த கால்வாய் மூடியை மாற்றுவதற்குக் கூட்டம் போட வேண்டாம். மாற்றினால் போதும்.

அந்தப் பேருந்து நிறுத்தம் எங்கே இருக்கிறது?

“சரி, பிள்ளைகளுக்குத் திட்டமிடலில் என்ன தெரியும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாலையின் அகலம், கால்வாயின் சரிவு எல்லாம் அவர்களுக்குத் தெரியாதுதான். அவர்களுக்குத் தெரிந்தது நேரமும் பாதையும்.

ஒரு சனிக்கிழமை கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, பெரிய தாள் ஒன்றும் மூன்று நிறப் பேனாக்களும் கொடுத்தேன். வீட்டிலிருந்து பள்ளி வரை வரையுங்கள், பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு, தினமும் நிற்கும் இடத்துக்கு நீலம் என்றேன். இப்படிச் செய்வதற்குப் பங்கேற்பு வரைபடம் என்று பெயர். அங்கே வாழ்கிறவர்கள் தங்கள் கையால் வரைவது. அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை.

நான்காம் படிவத்தில் படிக்கும் ஒரு பெண், லயத்திலிருந்து வருகிறவள், நீலப் புள்ளியைச் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றின் முன்னால் வைத்தாள். பேருந்து நிறுத்தம் அங்கே இல்லை. எதிர்ப்புறம், கொஞ்சம் தள்ளி, கூரையோடு அழகாகவே இருக்கிறது.

“ஏம்மா, பஸ் ஸ்டாப் இங்கதானே?” என்று காட்டினேன்.

“அங்க லைட் இல்லக்கா. ஆறு மணிக்கு இருட்டா இருக்கும். இங்க ரொட்டி சுடற அக்கா இருப்பாங்க. பஸ் அங்கிளுக்குத் தெரியும், இங்கயே நிப்பாட்டுவாரு.”

எங்கள் பக்கத்தில் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. பள்ளிப் பேருந்து அதற்கு முன்பே வந்துவிடும். அந்த நிறுத்தத்தின் இடத்தை முடிவு செய்தவர் காலை பத்து மணிக்கு வந்து பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பத்து மணிக்கு அது நல்ல இடம். நானும் பல வருடமாக அந்த வழியே மோட்டாரில் போகிறேன், பத்து மணிக்கு.

பையன்கள் வரைந்ததில் வேறொரு சங்கதி இருந்தது. தாமானுக்கும் பள்ளிக்கும் நடுவே கால்வாயின் மேல் ஒரு பலகை. எங்கள் அலுவலகத்தில் உள்ள பிளானில் அந்த இடத்தில் வேலிதான் இருக்கிறது. வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை, அதன் இரு பக்கமும் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை. சுற்றிப் போனால் இருபது நிமிடம், பலகையில் போனால் நான்கு. மழை நாளில் பலகை வழுக்கும் என்று ஒருவன் சிவப்பாலும் பச்சையாலும் சேர்த்தே வட்டம் போட்டிருந்தான். பயமும் பிடித்தமும் ஒரே இடத்தில்! அங்கே ஒரு சின்னப் பாலம் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் போக்குவரத்து ஆய்வும் சொல்லாது.

இது புதிய யோசனை ஒன்றுமில்லை. 1970-களில் கெவின் லிஞ்ச் என்ற நகரத் திட்ட அறிஞர், யுனெஸ்கோ துணையோடு அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து நாடுகளில் வளரிளம் பருவத்தினரிடம் தங்கள் ஊரை வரையச் சொல்லி ஆராய்ந்தார். அதில் எனக்கு மறக்காத செய்தி ஒன்று உண்டு. மெல்பர்ன் புறநகரில் வீடும் புல்வெளியும் தாராளமாக இருந்தும் பிள்ளைகள் சலிப்பாக இருக்கிறது என்றார்கள். அர்ஜென்டினாவின் சால்ட்டா நகரத்தில் ஓர் எளிய குடியிருப்பின் பிள்ளைகள் தங்கள் இடத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். எவ்வளவு இடம் என்பதைவிட, அங்கே என்ன செய்ய விடுகிறார்கள், யார் தெரிந்தவர்கள் என்பது அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. லயத்தில் வளர்ந்து, பிறகு தாமானுக்கு மாறியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வீடு வசதிதான், ஆனால் தோட்டத்தார் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்துத் திடல் போல வராது என்பார்கள்.

புட்சால் கூடத்தில் பெண் பிள்ளைகள் எங்கே?

‘இளையோர்’ என்று ஒரே சொல்லில் கட்டிவிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. இளையோருக்கு என்ன வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டால் முதலில் எழும் குரல் புட்சால் என்ற சிறு கால்பந்தாட்டத்துக்கான கூடம். எழுப்புகிறவர்கள் பையன்கள். கூடம் வந்துவிடும். பிறகு ‘இளையோருக்குச் செய்தாயிற்று’ என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

1990-களில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ஓர் ஆய்வு நடந்தது. பத்து வயதை நெருங்கும்போது பெண் பிள்ளைகள் பொதுப் பூங்காக்களிலிருந்து மெல்ல மறைந்துபோவதை அதில் கவனித்தார்கள். பந்து விளையாட்டுக்கு ஒரே கூண்டு, அதற்கு ஒரே வாசல். உள்ளே ஏற்கெனவே பையன்கள் கூட்டம். அவர்களோடு மல்லுக்கு நிற்காமல் இவர்கள் விலகிக்கொண்டார்கள். நகரம் சில பூங்காக்களை மாற்றியது. பெரிய இடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், பூப்பந்து, கைப்பந்து போன்றவற்றுக்கு இடம் விட்டார்கள், குழுவாக உட்காரத் திண்ணைகள் வைத்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

என் வகுப்புப் பெண்களிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். “அக்கா, எங்களுக்கு கோர்ட் வேணாம், உக்காந்து பேச இடம் வேணும். கோயில் படியில உக்காந்தா, இங்க என்ன வேலைன்னு கேக்கறாங்க. கடை முன்னாடி நின்னா வீட்டுக்கு போன் போயிடுது.” உட்கார்ந்து பேச இடம். இதை எந்தத் திட்ட வரைவிலும் ‘வசதி’ என்று நான் பார்த்ததில்லை.

ஆக, இளையோர் பங்கேற்பு என்றால் யாராவது ஓர் இளைஞரைக் கேட்பதல்ல. பையன், பெண், லயத்துப் பிள்ளை, தாமான் பிள்ளை, சக்கர நாற்காலியில் வருபவர், பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர் என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். சேர்த்துக் கேட்டால் சத்தமாகப் பேசுகிறவரின் ஊர்தான் பிளானில் வரும்.

சட்டத்தில் கதவு எங்கே?

இப்போது கொஞ்சம் வறட்டு விஷயம். ஆனால் இதைத் தெரியாமல்தான் நாம் தவறான நாளில் தவறான கவுண்டரில் நிற்கிறோம்.

மலேசியத் தீபகற்பத்தில் திட்டமிடலுக்கு அடிப்படை 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். 172-ஆம் சட்டம் என்று சொன்னால் அலுவலகத்தில் புரியும். அதன்படி திட்டங்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. நாடு முழுமைக்கும் ஒன்று, மாநிலத்துக்குக் கட்டமைப்புத் திட்டம், அதற்குக் கீழே உள்ளூர்த் திட்டம். கடைசியாகச் சொன்னதை மலாயில் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ என்பார்கள். நமக்கு முக்கியம் இதுதான். எந்த நிலம் குடியிருப்பு, எது கடை, எது தொழிற்சாலை, எது திறந்தவெளி என்று நிறம் நிறமாகக் காட்டும் வரைபடமும் அதற்கான விளக்கமும் சேர்ந்ததே உள்ளூர்த் திட்டம். ஒரு தோட்டம் நாளைக்குத் தோட்டமாகவே இருக்குமா, தாமானாக மாறுமா என்பதற்கான முதல் தடயம் அந்த நிறத்தில் கிடைக்கும்.

தோட்டம் ஊராவது நமக்குப் புதிதல்ல. புத்ராஜெயா நிற்கும் இடம் பிராங் பெசார் தோட்டம். ஷா ஆலாம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். அங்கெல்லாம் லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரைபடம் போடச் சொல்லியிருப்பார்களா என்று கேட்காதீர்கள்.

உள்ளூர்த் திட்டத்தின் வரைவைத் தயாரித்த பிறகு அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும் என்கிறது சட்டம். ஆட்சேபத்துக்கு வயது வரம்பு எதுவும் அதில் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளையும் பாரத்தை நிரப்பிக் கொடுக்கலாம். வரைவு தயாராகும் முன்பே மக்கள் கருத்தைக் கேட்கும் கட்டமும் உண்டு. அதுதான் தையல்காரரின் நாடா. நான்கு வாரக் கண்காட்சி என்பது, துணியில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று, இன்னும் வெட்டவில்லை என்ற நிலை.

இங்கே ஒரு சிக்கல். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் மேம்பாட்டு அனுமதி கேட்டால், பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும். உரிமையாளர்களுக்கு. வாடகைக்கு இருப்பவருக்கோ லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்கிறவருக்கோ அந்தக் கடிதம் வராது. பிள்ளைகளுக்கு வராது என்று சொல்லவே வேண்டாம். சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை, ஆனால் தேடிவந்து கூப்பிடவும் இல்லை.

வாக்குரிமையையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2019-இல் அரசியலமைப்பைத் திருத்தி, 2021 டிசம்பரிலிருந்து 18 வயதில் வாக்களிக்கலாம் என்றாயிற்று. “இனி இளையோர் ஊரையும் முடிவு செய்வார்கள்” என்று மேடையில் பேசினார்கள். ஊரை முடிவு செய்வது ஊராட்சி மன்றம். அதற்கான தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை நடக்கவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது; ஒரு மன்றத்தில் அதிகபட்சம் 24 பேர். பதினெட்டு வயதானவர் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கலாம், சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கலாம். அவர் வீட்டு முன்னாலுள்ள விளக்குக்கம்பத்தைப் பற்றி முடிவெடுப்பவரை அவரால் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால்தான் நான்கு வார ஆட்சேபம், நேரடிக் கூட்டம் போன்ற கதவுகள் நம் நாட்டில் கூடுதல் முக்கியம்.

இதுவரை பார்த்ததில் மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் போதும். உள்ளூர்த் திட்டம்தான் ஊரின் சுண்ணாம்புக் கோடு. அதைப் பார்த்து ஆட்சேபம் சொல்ல எவருக்கும் வழி உண்டு. அந்த நாட்கள் வருவதும் போவதும் பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை.

பத்து விழுக்காடு, ஆனால் எந்தப் பத்து?

புதிய வீடமைப்புப் பகுதியில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் திட்டமிடல் வழிகாட்டி. நல்ல விதி. ஆனால் நான் பார்த்த பிளான்கள் சிலவற்றில் அந்தப் பத்து விழுக்காடு எங்கே போய் விழுகிறது தெரியுமா? வீடு கட்ட முடியாத முக்கோண மூலையில், உயர் அழுத்த மின்கம்பிக்குப் பக்கத்தில், கால்வாய் ஓரத்து நீளத் துண்டில். கணக்கு சரியாக இருக்கும். பிள்ளைகள் போக மாட்டார்கள்.

அளவை விதி சொல்லிவிடுகிறது. எங்கே என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். இளையோரைக் கேட்க வேண்டிய கேள்விகளில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குப் பதில் தெரியும், முடிவு இன்னும் திறந்திருக்கும், கேட்பதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

கேட்டதையெல்லாம் கொடுத்துவிட முடியுமா?

முடியாது. பங்கேற்பு என்றால் விருப்பப் பட்டியலை வாங்கி அப்படியே நிறைவேற்றுவது என்று பயந்து கதவையே திறக்காத அதிகாரிகள் இருக்கிறார்கள். என் வகுப்பிலும் ஒருவன் நீச்சல் குளம் கேட்டான். இன்னொருவன் ‘மெக்டோனல்ட்ஸ்’ கேட்டான்.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை ஒப்பந்தம் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. மலேசியா 1995-இல் அதில் இணைந்தது. அதன் 12-ஆவது விதி, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற எடை தர வேண்டும் என்றும் சேர்க்கிறது. எடை தருவது வேறு, தலையாட்டுவது வேறு. எடை தந்ததற்கு அடையாளம் பதில். ‘செய்கிறோம், இந்தத் தேதியில்’ என்பதும் பதில். ‘செய்ய முடியாது, காரணம் இது’ என்பதும் பதில். மௌனம் மட்டும்தான் பதில் இல்லை.

விலையையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டால் பிள்ளைகள் கேட்பதே மாறிவிடும். அமெரிக்காவின் போஸ்டன் நகரம் 2014-இல் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடலாம் என்பதை 12 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களின் வாக்குக்கு விட்டது. இளையோரே திட்டங்களை எழுதி, நகர அலுவலர்களோடு உட்கார்ந்து செலவு பார்த்து, பிறகு வாக்குக்கு வைத்தார்கள். இதற்குப் பங்கேற்பு வரவுசெலவு என்று பெயர். பொதுப் பணத்தில் ஒரு பகுதியை எங்கே போடுவது என்பதை மக்களே நேரடியாக முடிவு செய்வது. 1989-இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் தொடங்கிய முறை. நம் நாட்டிலும் பினாங்கு 2012 முதல், ஆண் பெண் தேவைகளைப் பிரித்துப் பார்க்கும் விதத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதை முயன்றிருக்கிறது.

நானும் சின்னதாக முயன்றேன். ஒவ்வொருவருக்கும் பத்துப் புளியங்கொட்டை. நீச்சல் குளத்துக்கு நாற்பது கொட்டை, சின்னப் பாலத்துக்கு எட்டு, விளக்குக்கு ஐந்து என்று விலை போட்டேன். என் கணக்கு உண்மையான விலை அல்ல, ஏறக்குறைய ஒப்பீடுதான். நீச்சல் குளம் கேட்டவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு விளக்குக்கு இரண்டு தடவை போட்டான். “குளம் வந்தாலும் இருட்டுல போக முடியாதே” என்றான்.

யாருடைய சாலை?

தோட்டப் பட்டணங்களுக்கே உரிய முடிச்சு ஒன்று இருக்கிறது. ஊரைக் குறுக்கே போகும் பெரிய சாலை பொதுப்பணித்துறையுடையது. தாமான் சாலை ஊராட்சி மன்றத்துடையது. லயத்துக்குப் போகும் செம்மண் சாலை தோட்ட நிறுவனத்துடையது, அது தனியார் நிலம். பள்ளி வாசல் கல்வியமைச்சுக்குப் போகும். நம் பிள்ளை காலையில் இந்த நான்கையும் தாண்டி ஒரே நடையாக நடக்கிறது. கால்களுக்கு எல்லைக்கல் தெரியாது, கோப்புகளுக்குத் தெரியும்.

இதனால்தான் பிள்ளைகள் வரைபடத்தோடு கூடவே யாருக்கு எந்த நிலம் என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். தகவல் இல்லாமல் கருத்துக் கேட்பது, கேள்வித்தாளைக் கொடுத்துப் புத்தகத்தைப் பூட்டி வைப்பது போல.

என் வகுப்பு ஐந்து கோரிக்கைகளை எழுதியது. ஒட்டுக்கடை முன்னால் நிறுத்தத்தை மாற்றுவது, அங்கே ஒரு விளக்கு, கால்வாய்க்குச் சின்னப் பாலம், திடலில் நிழலோடு உட்கார இடம், லயத்துச் சாலைக்கு இரண்டு விளக்கு. வரைபடத்தின் நகலையும் இணைத்து மன்றத்துக்குக் கொடுத்தோம். ஒரு மாதம் எதுவும் இல்லை. இரண்டு தடவை கவுண்டரில் போய் நின்றேன். கடிதம் கிடைக்கவில்லை என்றார்கள், பிறகு கிடைத்தது என்றார்கள். ஏழாவது வாரம் பதில் வந்தது. உட்கார இடத்தை அடுத்த ஆண்டுப் பராமரிப்பில் பார்ப்பார்களாம். நிறுத்தமும் அங்குள்ள விளக்கும் பொதுப்பணித்துறைக்கு அனுப்பப்பட்டன. லயத்துச் சாலை தனியார் நிலம், தங்கள் பொறுப்பில் இல்லை. பாலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பிள்ளைகள் முகம் வாடும் என்று நினைத்துத்தான் கடிதத்தை வாசித்தேன். நான்காம் படிவப் பெண் கடிதத்தை வாங்கி, பாலம் என்று தான் எழுதியிருந்த வரியையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “இதுக்கு மட்டும் தனியா இன்னொரு லெட்டர் போடலாம்” என்றாள். பலகையில் வழுக்கும் இடத்தைப் படம் எடுத்து வர ஒருவன் ஒத்துக்கொண்டான், மழை பெய்ததும்.

பிறகு லயத்துச் சாலை விளக்குக்காகத் தோட்ட அலுவலகத்துக்கு எழுத உட்கார்ந்தார்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

“அக்கா, மேனேஜருக்கு எப்படி ஆரம்பிக்கறது? தாத்தா காலத்துல ‘துரை’ன்னு சொல்வாங்களாம். இப்ப என்ன போடணும்?”

“மலாய்ல சொல்ற மாதிரி ‘துவான்’னு போடு” என்றான் பக்கத்தில் இருந்தவன். “அவரு அப்பாவோட ஸ்கூல்ல படிச்சவரு. ‘அண்ணே’ன்னு போட்டாலும் கோவிச்சுக்க மாட்டாரு.”

அரை மணி நேரம் இதிலேயே போயிற்று. கடைசியில் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதி, அதன் கீழே வரைபடத்தைப் பசை தடவி ஒட்டினார்கள்.